சாக்ஸபோனா கொயரான்னு கேட்டா ரெண்டும்தான், ஏன்னு சொல்லுதேன்

பாளையங்கோட்டைல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. பையன் பிளஸ் ஒன் படிக்கான், ஸ்கூல் பேண்ட்ல ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கான், ஞாயித்துக்கிழமை கோயில்ல, அதான் சர்ச்சுல, நாலு குரலாப் பிரிஞ்சு பாடற கொயர்ல டெனர்ங்கற ஆம்பள மேல்குரல் பாடுதான், படிச்சா வெஸ்டர்ன் கிளாசிக்கல்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கான். சாக்ஸ் சொல்லிக்குடுக்கற மாஸ்டர் என்னன்னா ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்காத, கொயரை விட்டுட்டு வாங்காராம். இதை நம்பி புள்ளைய விடலாமா, எங்க படிக்க வைக்க, பொழப்பு ஓடுமா, இதான் கேள்வி.

அக்கா, கொயரை விட வேண்டாம். மாஸ்டர் கெட்ட எண்ணத்துல சொல்லல, பையன் நேரம் பத்தாம திணறுதான்னு பாத்து சொல்லியிருப்பாங்க. ஆனா கிளாசிக்கல் சாக்ஸபோன்னு ஒரு பாதைல போற புள்ளைக்கு நம்ம ஊரு கொயர் மாதிரி ஒரு சொத்து வேற கிடையாது. அது ஏன்னு புரியணும்னா அந்த வாத்தியத்தோட நிலைமைய கொஞ்சம் தெரிஞ்சிக்கிடணும்.

அடால்ஃப் சாக்ஸ்னு பெல்ஜியத்துக்காரர், பாரிஸ்ல இருந்து 1846ல சாக்ஸபோனுக்கு பேடன்ட் வாங்கினார். அதுக்குள்ள வயலின், ஓபோ, கிளாரினெட் எல்லாம் ஆர்கெஸ்ட்ராவுல இடம் பிடிச்சு உக்காந்தாச்சு. சாக்ஸபோனை முதல்ல கையில எடுத்தது மிலிட்டரி பேண்டுதான். பாரிஸ் கன்சர்வேட்டரில 1857ல அவரே கிளாஸ் எடுத்தார், 1870ல அது நின்னு போச்சு, அப்புறம் 1942ல மார்செல் ம்யூல்னு ஒரு சாக்ஸ்காரர் வந்துதான் மறுபடி தொறந்தாங்க. நடுவுல 72 வருஷம் உலகத்துலயே பெரிய மியூசிக் காலேஜ் ஒண்ணுல இந்த வாத்தியத்துக்கு வாத்தியாரே இல்ல. வாத்தியார் இல்லாத வாத்தியத்துக்கு எந்த கம்போஸர் எழுதுவார்? அங்கங்க எழுதினாங்க, பிஸே 1872ல ஒரு நாடகத்துக்குப் போட்ட இசையில சேத்தார், ராவெல் 1922ல முஸோர்க்ஸ்கியோட பியானோ படைப்பை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாத்தும்போது பழைய கோட்டை வர்ற பகுதிய ஆல்டோ சாக்ஸ்கிட்ட குடுத்தார், 1928ல பொலேரோவுல மறுபடி சேத்தார். இப்படி அங்கங்கதான். அதனால உலகத்துல எந்த ஊரு ஆர்கெஸ்ட்ராவா இருந்தாலும் சாக்ஸபோனுக்குன்னு மாசச் சம்பள நாற்காலி பொதுவா கிடையாது, அந்த மாதிரி படைப்பு வரும்போது மட்டும் வெளிய இருந்து ஆளைக் கூப்பிடுவாங்க. வயலின் படிக்கற புள்ளைக்கு மும்பைல 2006ல ஆரம்பிச்ச சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியான்னு ஒரு கனவாவது காட்டலாம், சாக்ஸ் புள்ளைக்கு அதைக் காட்ட முடியாது.

இதைக் கேட்டு பயந்துராதீங்க. நான் சொல்ல வர்றது, சாக்ஸ்காரன் எந்த நாட்டுல இருந்தாலும் நாலு வேலைய சேத்து செஞ்சுதான் வாழுதான், கொஞ்சம் டீச்சிங், கொஞ்சம் கச்சேரி, கொஞ்சம் ரெக்கார்டிங், கொஞ்சம் பேண்டு நடத்துறது. அதுல பாடத் தெரிஞ்சவன், நாலு பார்ட்டையும் கேட்டு பிரிக்கத் தெரிஞ்சவன், கொயரை நிப்பாட்டி நடத்தத் தெரிஞ்சவன் ஒரு படி முன்னாலதான் நிப்பான்.

இப்ப காது விஷயத்துக்கு வாரேன், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். கொயர் பிராக்டிஸ்ல கீபோர்டை நிப்பாட்டிட்டு ஒரே ஒரு கார்டை, அதாவது ஒண்ணா ஒலிக்கற சுரக்கூட்டை மட்டும் பிடிச்சு நில்லுங்கன்னு சொல்லிப் பாருங்க. பாஸ்ங்கற ஆம்பளக் கீழ்குரல் டோ பிடிக்கான், சோப்ரானோங்கற பொம்பள மேல்குரல் சோ பிடிக்காங்க, டெனருக்கு மீ வருது, டோ மீ சோன்னா நம்ம ச க ப மாதிரி. பையன் கீபோர்டுல கேட்ட அதே மீயைப் பாடினா கார்டு சேந்த மாதிரி இருக்கும் ஆனா உள்ள ஒரு நடுக்கம் ஓடிக்கிட்டே இருக்கும். அந்த மீயை ஒரு பொட்டு கீழ இறக்கினா, கீபோர்டோட ஒரு அரைச்சுருதிய 100 பங்கா பிரிச்சா அதுல கிட்டத்தட்ட 14 பங்கு கீழ, சட்டுனு நடுக்கம் நின்னு நாலு குரலும் ஒண்ணாப் பூட்டிக்கிடும், மேல யாருமே பாடாத ஒரு சுரம் கூட கேக்க ஆரம்பிக்கும். கீபோர்டு எல்லா சுருதியிலயும் ஓரளவு பொருந்தணும்னு சமரசம் பண்ணி டியூன் பண்ணுனது, மனுஷக் குரலுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. இதை அனுபவிச்ச புள்ளைக்கு நாளைக்கு நாலு சாக்ஸ் சேந்து வாசிக்கற குவார்டெட்ல உக்காரும்போது யாரும் சொல்லிக்குடுக்க வேண்டாம். சாக்ஸபோன் சுருதி சுத்தமான வாத்தியமும் இல்ல, ஆல்டோவுல ஆக்டேவ் கீ (மேல் ஸ்தாயிக்கு மாத்துற பொத்தான்) போட்டு வாசிக்கற நடு டி எல்லாருக்கும் கொஞ்சம் மேலதான் போவும், அது கார்டோட மூணாவது சுரமா வந்துட்டா ரெண்டு மடங்கு இறக்கணும். டியூனர் ஆப்பைப் பாத்து வளந்தவன் முள்ளு நடுவுல நிக்கேன்னு சந்தோஷப்படுவான், பக்கத்துல மூணு பேர் முகம் சுளிப்பாங்க.

அடுத்தது சோல்ஃபா. நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் நாசரேத்து, மெஞ்ஞானபுரம், சாயர்புரம், டோனாவூர்னு எங்க போனாலும் வயசான கொயர்காரங்க டோ ரே மீ எழுத்துலதான் பாட்டு படிப்பாங்க, அஞ்சு கோட்டு மேல எழுதற ஸ்டாஃப் நொட்டேஷனைக் காட்டினா வேண்டாம்பாங்க. சாரா குளோவர்னு ஒரு டீச்சரம்மா இங்கிலாந்துல கண்டுபிடிச்சதை ஜான் கர்வன் விரிவாக்கி ஏழை எளியவங்களும் நாலு பார்ட் பாடணும்னு பரப்பின முறை அது, மிஷனரிங்களோட இங்க வந்தது, அவங்க ஊர்லயே அது மங்கிப் போன பிறகும் நம்ம கோயில்கள்ல உயிரோட இருக்கு. இதை பழசுன்னு ஒதுக்காதீங்க. இந்த முறைல டோங்கறது எந்த சுருதியிலயும் இருக்கலாம், புள்ளை சுரத்தோட உறவைத்தான் பிடிக்கான். ஆல்டோ சாக்ஸ் ஈ ஃபிளாட் வாத்தியம், அதுல சி வாசிச்சா காதுல கேக்கறது ஈ ஃபிளாட். பாமாலைங்கற சர்ச் பாட்டுப் புக்ல ஒரு பாட்டு ஜி மேஜர்ல இருந்தா ஆல்டோவுக்கு அது ஈ மேஜர், நாலு ஷார்ப், அதாவது நாலு சுரத்தை அரைச்சுருதி ஏத்தி வாசிக்கணும். எழுத்து எழுத்தா மாத்துற புள்ளை முழிக்கும், டோ எங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாசிக்கற புள்ளை அடுத்த நிமிஷம் ஊத ஆரம்பிச்சிரும்.

ஆனா சோல்ஃபா மட்டும் தெரிஞ்சா பத்தாது, இங்கதான் நம்ம புள்ளைங்க வெளிய போய் அடிபடுதாங்க. குரல் அருமையா இருக்கும், காது பிரமாதமா இருக்கும், ஆடிஷன்ல ஒரு தாளை நீட்டி முப்பது செகண்ட் பாத்துட்டு வாசின்னா கை நடுங்கும். அதனால இன்னைக்கே கொயர்ல எல்லாப் பாட்டையும் ஸ்டாஃப் நொட்டேஷன் புக்ல பாத்துப் பாடச் சொல்லுங்க, சோல்ஃபா மனசுக்குள்ள ஓடட்டும். ஒரு சின்ன வழி சொல்லுதேன். பாட்டுப் புக்ல டெனரும் பாஸும் பாஸ் க்ளெஃப்ல (கீழ் சுரங்களுக்கான குறி) இருக்கும்லா, அதை அப்படியே ட்ரெபிள் க்ளெஃப்னு (மேல் சுரங்களுக்கான குறி) நினைச்சுக்கிட்டு வரி ஆரம்பத்துல இருக்கற கீ சிக்னேச்சர்ல மூணு ஷார்ப் சேத்து ஆல்டோல வாசிச்சா அதே பாட்டு ஒரு ஆக்டேவ் மேல கேக்கும், பாரிட்டோன் சாக்ஸ்ல வாசிச்சா அதே உயரத்துலயே கேக்கும். ஃபிளாட் கீயா இருந்தா மூணு ஃபிளாட் கழியும், பாட்டு நடுவுல தனியா வர்ற ஷார்ப், ஃபிளாட் குறிய, அதான் ஆக்சிடென்டலை மட்டும் கவனமாப் பாத்துக்கிடணும். வாரத்துக்கு ரெண்டு ஞானப்பாட்டு இப்படி ஊதினான்னா ஒரு வருஷத்துல பாத்த உடனே வாசிக்கற சைட் ரீடிங், சுருதி மாத்தி வாசிக்கற டிரான்ஸ்போஸிங் ரெண்டும் கைக்கு வந்துரும், செலவு ஒரு பைசா கிடையாது.

உடம்பு விஷயத்துல மாஸ்டர் பயப்படுறதுல ஞாயம் இருக்கு. சாக்ஸ் ஊதுறவனுக்கு தாடை இறுகும், மேல் நோட்டுக்குப் போகும்போது நாக்கு உயரும், தொண்டை தானா சுருங்கப் பாக்கும். அந்த இறுக்கத்தோட போய் பாடினா குரல் பிழிஞ்சு வரும். அதுக்காகப் பாட்டை விடணும்னு இல்ல, வரிசைய மாத்தினா போதும், காலைல எந்திரிச்சு முதல்ல பாட்டு, அப்புறம் சாக்ஸ். ரெண்டு மணி நேரம் சாக்ஸ் வாசிச்ச கையோட கொயர்ல போய் மேல் ஏ பிடிக்க விடாதீங்க. இன்னொண்ணு, பதினாறு பதினேழு வயசுல டெனர் குரல் இன்னும் கட்டி முடியாத குரல், இருபது தாண்டித்தான் உக்காரும். அதனால இப்ப சாக்ஸ்க்கு நேரத்தை அள்ளிக் குடுக்கலாம், குரலை கொஞ்சமாத்தான் வேலை வாங்கணும், கொயர் பிராக்டிஸும் தினம் இருபது நிமிஷம் மெல்லிசா பாடறதும் தாராளம். கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல ராத்திரி பூரா தெருத்தெருவா கத்திப் பாடறாங்க பாருங்க, அதுதான் குரலைக் கெடுக்கும். போகட்டும், சந்தோஷமா போயிட்டு வரட்டும், மெதுவாப் பாடச் சொல்லி அனுப்புங்க.

பாடறதால சாக்ஸ்க்கு வர்ற லாபம் பெருசு. வார்த்தை இருக்கற பாட்டைப் பாடி வளந்தவனுக்கு எங்க மூச்சு எடுக்கணும், எங்க எடுத்தா வாக்கியம் உடையும்னு தானாத் தெரியும். கிளாஸுனோவ்னு ரஷ்ய கம்போஸர் 1934ல எழுதின, ஆர்கெஸ்ட்ராவோட சேந்து வாசிக்கற கான்செர்டோ, எல்லா சாக்ஸ் படிக்கற புள்ளையும் ஒரு நாள் வாசிச்சே ஆகணும், அதுல மெலடி அவ்வளவு நீளமாப் போவும், விரல் வேகம் மட்டும் இருக்கறவன் அதை துண்டு துண்டா நறுக்கிருவான். அதை எழுத வச்சதே சிகுர்ட் ராஷெர்னு ஒரு சாக்ஸ்காரர் விடாம அவர் பின்னால அலைஞ்சதாலதான், அவரேதான் அந்த வருஷம் ஸ்வீடன்ல முதல் தடவை வாசிச்சார். அடுத்த வருஷம் ஈபேர் எழுதினது, 1939ல க்ரெஸ்டன் எழுதின சொனாட்டா, இதெல்லாம் பையன் இப்பவே கேக்கட்டும், வாசிக்க அவசரம் இல்ல. இப்ப வாசிக்க வேண்டியது லாங் டோன், ஓவர்டோன், பன்னெண்டு சுருதில ஸ்கேல், அப்புறம் ஃபெர்லிங் எழுதின 48 எட்யூட், அதாவது பயிற்சிப் பாட்டு. அது ஓபோவுக்கு எழுதினது, ஆனா சாக்ஸ்காரங்களுக்கு அன்னாடச் சோறு. மெதுவா ஒண்ணு வேகமா ஒண்ணுன்னு ஜோடி ஜோடியா இருக்கும், மெதுவானதை முதல்ல வாயால பாடிட்டு அப்புறம் ஊதச் சொல்லுங்க, வித்தியாசம் உங்களுக்கே கேக்கும்.

வாத்தியம் ஸ்கூல்து, வீட்டுக்குக் கொண்டு வர முடியாதுன்னு எழுதியிருந்தீங்க. அப்படின்னா சொந்தமா ஒண்ணு வாங்கியே ஆகணும், தினம் வாசிக்காம இது நடக்காது. யமஹா 280 மாதிரி மாணவர் மாடல் ஒரு லட்சத்துக்கு மேல ஆவும், பெரிய தொகைதான். அதுல பாதிக்கும் கீழ ஆன்லைன்ல பேரு தெரியாத புதுசு வரும், அதைவிட நல்ல கம்பெனி பழசு மேல், ஆனா வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை கூட்டிட்டுப் போய் ஓட்டைய அடைக்கற எல்லா பேடும் சரியா மூடுதான்னு பாத்து வாங்குங்க. மவுத்பீஸ் கிளாசிக்கலுக்கு உள்ளதா இருக்கட்டும், பேண்டுல சத்தத்துக்காகப் போடுற அகல வாய் மவுத்பீஸ்ல இந்த டோன் வரவே வராது. ரீடு நாணல்ல செய்யறது, நம்ம ஊரு சித்திரை வெயில்ல காஞ்சு நுனி அலை அலையா நெளிஞ்சிரும். வாய்ல வச்சு அவசரமா நனைக்காம ஒரு டம்ளர் தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு, கண்ணாடி மேல வச்சு கட்டைவிரலால தடவி தட்டையாக்கி, அப்புறம் மாட்டச் சொல்லுங்க. ஒரே ரீடைத் தேய்க்காம நாலஞ்சை மாத்தி மாத்தி வாசிச்சா ஒவ்வொண்ணும் ரொம்ப நாள் வரும். வெயில்ல சுருதி ஏறும், ஏசி இல்லாத கோயில்ல மத்தியானக் கல்யாணத்துக்கு வாசிக்கும்போது மவுத்பீஸை கொஞ்சம் வெளிய இழுக்கணும்.

படிப்பு எங்கன்னா, நம்ம ஜில்லாவுல கிளாசிக்கல் சாக்ஸ் டிகிரிக்கு இடம் கிடையாது. அரசு இசைப்பள்ளில நாகஸ்வரம், தவில், வாய்ப்பாட்டு, வயலின் இருக்கு, அது கர்நாடக சங்கீதப் பாதை. கத்ரி கோபால்நாத் போன பாதையும் அதுதான், நாகஸ்வரக் குடும்பத்துல பொறந்து, சென்னைல டி.வி.கோபாலகிருஷ்ணன்கிட்ட படிச்சு, 1994ல லண்டன் பிபிசி ப்ராம்ஸ் மேடை வரைக்கும் சாக்ஸபோன்ல கர்நாடக சங்கீதத்தைக் கொண்டு போனவர். நாகஸ்வர மேதை காருக்குறிச்சி அருணாச்சலம் பொறந்த மண்ணுல இருந்து ஒரு புள்ளை அந்தப் பக்கம் போனாலும் எனக்கு சந்தோஷம்தான், ஆனா விரல், கமகம், மூச்சு எல்லாமே வேற பயிற்சி, உங்க பையன் கேக்கறது அது இல்ல.

அவனுக்கு இப்போதைக்கு லண்டன்ல இருந்து நடத்தற டிரினிட்டி இல்லன்னா ஏபிஆர்எஸ்எம் கிரேடு பரீட்சைதான் ஏணி. ரெண்டுலயும் 8 கிரேடு. ஏபிஆர்எஸ்எம்ல 6வது கிரேடும் அதுக்கு மேலயும் எழுத முதல்ல 5வது கிரேடு தியரியோ அதுக்குச் சமமா அவங்க ஏத்துக்கற பரீட்சையோ முடிச்சிருக்கணும், டிரினிட்டில அந்தக் கட்டாயம் இல்ல, ஆனா நான் ரெண்டுக்குமே தியரி எழுதச் சொல்லுவேன், ஏன்னா வெளிநாட்டு காலேஜ்ல முதல் வாரமே தியரி டெஸ்ட் வச்சிருவாங்க. எட்டு முடிஞ்சா டிரினிட்டில ஏடிசிஎல், எல்டிசிஎல்னு டிப்ளமா இருக்கு, எல்டிசிஎல் இருந்தா பெரிய ஸ்கூல்கள்ல மியூசிக் டீச்சர் வேலைக்கு மதிப்பு. கிரேடை மட்டும் தொரத்தாதீங்க, வருஷத்துக்கு மூணு பாட்டு மட்டும் படிச்சு கிரேடு வாங்கின புள்ளைகிட்ட நாலாவது பாட்டைக் குடுத்தா தெரிஞ்சிரும்.

சென்னைல 2008ல ஆரம்பிச்ச கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி இருக்கு, வெஸ்டர்ன் மியூசிக் அடிப்படை, கொயர் எல்லாம் முறையாக் கிடைக்கும். 1893ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் கொயரும் சென்னைலதான், டெனர் நல்லாப் பாடினா எந்தக் கொயர்லயும் வரவேற்பு உண்டு, டெனருக்கு எங்கயும் பஞ்சம். ஹேண்டலோட மெசையா, ஸ்டெய்னர் 1887ல பெரிய வெள்ளிக்குன்னு எழுதின க்ரூசிஃபிக்ஷன் மாதிரி முழுப் படைப்பை ஆரம்பம் முதல் கடைசி வரை பாடின அனுபவம் அந்த மாதிரி கொயர்லதான் வரும்.

வெளிநாடுன்னா முதல்ல வீடியோ ரெக்கார்டிங் அனுப்பணும், ஸ்டைல் வேற வேறயா ரெண்டு மூணு படைப்பு, ஸ்கேல், அப்புறம் நேர்லயோ ஆன்லைன்லயோ ஆடிஷன், சைட் ரீடிங். அமெரிக்கா பக்கம் மியூசிக் டிகிரில சாக்ஸ் மெயினா எடுத்தாலும் காதுப் பயிற்சி கிளாஸ்ல பாடித்தான் ஆகணும், அங்க நம்ம கொயர் புள்ளை தலை நிமிந்து நிக்கும். ஸ்காலர்ஷிப் இல்லாம கடன் வாங்கி அனுப்பறதுல எனக்கு சம்மதம் இல்ல, இதை உங்ககிட்ட வெளிப்படையாச் சொல்லுதேன். மியூசிக் டிகிரி முடிச்சு வந்து அந்தக் கடனை அடைக்கற வருமானம் உடனே வராது. பிளஸ் டூ முடியறப்ப அந்தத் தரம் வரலன்னா அவசரமே வேண்டாம், பாளையங்கோட்டைல இல்லாத காலேஜா, வீட்டுச் சாப்பாட்டோட மூணு வருஷம் ஏதாவது ஒரு டிகிரி படிக்கட்டும், தினம் மூணு மணி நேரம் சாக்ஸ், வாரம் ரெண்டு நாள் கொயர், மாசத்துக்கு ஒரு தடவை நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி சென்னைல நல்ல வாத்தியார்கிட்ட ஒரு நாள் பாடம், மிச்சத்துக்கு ஆன்லைன். இருபத்தோரு வயசுல ஆடிஷன் குடுத்தா ஒண்ணும் குடி முழுகிப் போகாது.

பொழப்பு பத்தி. மாசச் சம்பளம் வேணும்னா போலீஸ் பேண்டு இருக்கு, மிலிட்டரி பேண்டும் இருக்கு, ஆனா ராணுவத்துல 2022ல அக்னிவீர் முறை வந்த பிறகு முதல்ல நாலு வருஷ வேலைதான், நிரந்தரமும் பென்ஷனும் எல்லாருக்கும் உறுதி இல்ல. ராணுவத்துல பேண்டுக்காரங்களுக்கு மத்தியப் பிரதேசம் பச்மரில தனியா பயிற்சி நிலையம் இருக்கு, சாக்ஸபோன், கிளாரினெட் எல்லாம் அங்க முறையா நடக்கும். நம்ம ஆளுங்க இதை யோசிக்கறதே இல்ல. அடுத்தது சென்னை, பெங்களூர் இன்டர்நேஷனல் ஸ்கூல்கள், அங்க மியூசிக் டீச்சர் எடுக்கும்போது ஒரு வாத்தியமும் சொல்லிக்குடுக்கணும் கொயரும் நடத்தணும்னு ரெண்டும் தெரிஞ்ச ஆளைத்தான் தேடுவாங்க, உங்க பையன் அந்த இடத்துக்கு அளந்து தச்ச சட்டை மாதிரி. ரெக்கார்டிங், கல்யாண ரிசப்ஷன் எல்லாம் மேல் வருமானம். கொயர்ல பாடறதுக்கு மட்டும் நம்ம நாட்டுல சம்பளம் கிடையாதுன்னே வச்சுக்கோங்க, இங்கிலாந்துல கதீட்ரல்கள்ல லே க்ளார்க்னு பெரியவங்களுக்கு சம்பளம் குடுத்து வாரத்துல பல நாள் பாட வைப்பாங்க, அங்க படிக்கப் போற புள்ளைக்கு கோரல் ஸ்காலர்ஷிப்னு ஒரு கதவும் உண்டு. சாக்ஸ்காரனுக்கு அந்தக் கதவைத் தொறக்கறது குரல்தான், அதையா விடச் சொல்லுதாங்க?

மாஸ்டர்கிட்ட எதிர்த்துப் பேச வேண்டாம். பரீட்சைக்கு முந்தின ஆறு வாரம் கொயர் பிராக்டிஸ் ஒரு நாளாக் குறைச்சுக்கிடுதோம்னு சொல்லுங்க, கோயில் கொயர் மாஸ்டர்கிட்டயும் அதையே முன்கூட்டியே சொல்லிருங்க, டிசம்பர்லயும் பெரிய வெள்ளி சமயத்துலயும் அவன் கண்டிப்பா முழுசா வருவான்னு வாக்குக் குடுங்க. அப்புறம் கொயர் மாஸ்டர்கிட்ட இன்னொரு உதவி கேளுங்க அக்கா, மாசத்துக்கு ஒரு தடவை பையனை டெனர் வரிசைல இருந்து எடுத்து முன்னால நிப்பாட்டி ஒரு பாட்டை அவனையே நடத்தச் சொல்லுங்கன்னு. நாலு பார்ட்டும் ஒண்ணா காதுல விழுற இடம் அதுதான், அதுக்கு இப்பவே ஆரம்பிச்சாத்தான் சரி.